டே கேர்ல யார் தூக்குறாங்கன்னு கேளுங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

டே கேர் பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரை படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா கடைசி வரைக்கும் 'சின்ன குழந்தைய விடலாமா, வேணாமா'ங்கற ஒரே கேள்வியிலயே சுத்துச்சு. வேலைக்கு போற அம்மாக்கள் மனசு கஷ்டப்படுறது தவிர அந்த கேள்வியால குழந்தைக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. அங்க குழந்தைய யார் தூக்குறாங்க, அவங்க ஒருத்தர் பொறுப்புல எத்தன பிள்ளைங்க, அடுத்த மாசமும் அதே ஆள் இருப்பாங்களா, இதத்தான் கேக்கணும்.

அமெரிக்காவுல 1991ல என்ஐசிஹெச்டிங்கற அரசு ஆய்வு நிறுவனம் 1,300க்கு மேல குழந்தைங்கள பொறந்ததுல இருந்து வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்துச்சு. அம்மா மட்டுமே பாத்துகிட்ட பிள்ளைங்களுக்கும் மத்தவங்களும் பாத்துகிட்ட பிள்ளைங்களுக்கும் வளர்ச்சியில பெரிய வித்தியாசம் இல்லன்னுதான் தெரிஞ்சுது. கவனிப்பு நல்லா இருந்த இடத்துல பேச்சும் புரிஞ்சுக்கறதும் கொஞ்சம் கூடுதலா இருந்துச்சு. ரொம்ப நேரம் டே கேர் மாதிரி இடத்துலயே இருந்த பிள்ளைங்ககிட்ட அடம், அடிக்கிறது கொஞ்சம் ஜாஸ்தியா இருந்ததும் உண்மைதான், அத மறைக்க கூடாது. ஆனா வீட்ல அப்பா அம்மா எப்படி நடந்துக்கறாங்கங்கறதுக்குத்தான் இது எல்லாத்தையும் விட பங்கு அதிகம்.

ஒன்றரை வயசு குழந்தை ஜன்னல் பக்கம் கைய நீட்டி "ஆ... ஆ"ன்னு சொல்லும். பக்கத்துல இருக்கறவங்க திரும்பி பாத்து "ஆமாடா, பூனை! பூனை எங்க போகுது?"ன்னு கேட்டா குழந்தை அவங்க வாயவே பாக்கும், மறுபடி கை நீட்டும், மறுபடி சத்தம் போடும், இப்படி நாள் பூரா நடக்கறதுலதான் பேச்சு வருது. பத்து பிள்ளைங்களுக்கு ஒரே ஆள்னா என்ன ஆகும், ஒண்ணுக்கு டயப்பர் மாத்துறதுக்குள்ள இன்னும் ரெண்டு அழ ஆரம்பிச்சிடும், கை நீட்டுன குழந்தைய திரும்பி பாக்க யாருக்கு நேரம்? அதுவும் ரெண்டு மூணு தடவ நீட்டி பாத்துட்டு சும்மா உக்காந்துடும். வெளியில இருந்து பாக்கறவங்க "எவ்ளோ சமத்து"ன்னு சொல்லிட்டு போவாங்க, எனக்கு அதுதான் பயமா இருக்கு. அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் சங்கம் ஒரு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்கு 3 பேருக்கு ஒரு ஆள், அதுக்கு மேல மூணு வயசு ஆகற வரைக்கும் 4 பேருக்கு ஒரு ஆள்னு சொன்னது சும்மா இல்ல.

இன்னொண்ணு, கார்டிசால்னு ஒரு ஸ்ட்ரெஸ் ஹார்மோன் இருக்கு, பொதுவா காலையில அதிகமா இருந்து போகப்போக குறையும். டே கேர்ல இருக்கற நாள்ல நிறைய சின்ன பிள்ளைங்களுக்கு அது குறையாம மதியத்துக்கு மேல ஏறுதுன்னு பல ஆய்வுல பாத்திருக்காங்க, கவனிப்பு சரியில்லாத இடத்துல இன்னும் மோசம். பழகுன முகம் ஒண்ணு பக்கத்துல இருந்தா குழந்தை தாங்கிக்கும். அந்த முகம் திடீர்னு வேலைய விட்டு போயிட்டா குழந்தை மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். அவங்க ஏன் போறாங்க, நிறைய பேர் சம்பளம் பத்தாமதான் போறாங்க! பொம்மைக்கும் சுவர் பெயிண்டுக்கும் செலவு பண்றவங்க பிள்ளைய தூக்குறவங்களுக்கு ஒழுங்கா சம்பளம் குடுக்க யோசிக்கறாங்க, நாமளும் சேர்க்க போறப்ப பொம்மையத்தான் பாக்கறோம்.

சேக்கறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் உள்ள உக்காந்து பாக்க விடுவீங்களான்னு கேளுங்க, முடியாதுன்னா அந்த இடம் வேணாம். ஆரம்பத்துல கொஞ்ச நாள் அம்மாவோ அப்பாவோ கூடவே இருந்து மெதுவா பழக்கணும், அழற குழந்தைய வாசல்ல குடுத்துட்டு திரும்பி பாக்காம ஓடுறது ரொம்ப தப்பு.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள், அடுத்த தடவ டே கேர் பத்தி எழுதும்போது அங்க வேலை பாக்கறவங்ககிட்டயும் பேசுங்க, ஒருத்தர் எத்தன பிள்ளைய பாக்கறாங்க, எவ்ளோ வருஷமா இருக்காங்க, என்ன சம்பளம்னு கேட்டு போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி