நெட்வொர்க் பாடத்தைக் கேபிளிலிருந்து தொடங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தருமபுரியில் கடைகள், பள்ளிகள், மருத்துவமனைகளுக்கு நெட்வொர்க் கேபிள் இழுப்பதும் கேமரா மாட்டுவதும்தான் என் தொழில். வருடா வருடம் பிசிஏ, பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ், இன்ஜினீயரிங் படிக்கிற பிள்ளைகள் பயிற்சிக்கு வருகிறார்கள். பாலக்கோடு, பென்னாகரம், அரூர், ஊத்தங்கரைப் பக்கத்துப் பிள்ளைகள், பெரும்பாலும் வீட்டில் முதல் பட்டதாரிகள். படித்து முடித்ததும் ஓசூருக்கோ பெங்களூருக்கோ போய் வேலை தேடப்போகிறவர்கள். அவர்களுக்காக, அவர்களுக்குப் பாடம் நடத்தும் கல்லூரி ஆசிரியர்களிடம் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நெட்வொர்க் வேலையை ஏழு அடுக்காகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாடல் என்னவென்று கேட்டால் ஏழு அடுக்கையும் மூச்சு விடாமல் சொல்கிறார்கள். சரி, இந்தக் கம்ப்யூட்டரில் நெட் வரவில்லை, ஐபி முகவரி 169.254 என்று ஆரம்பிக்கிறது, இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்டால் அப்படியே நிற்கிறார்கள். கம்ப்யூட்டர் 'எனக்கொரு முகவரி கொடு' என்று, முகவரி வழங்கும் டிஎச்சிபியிடம் கேட்டிருக்கிறது, யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் தானே ஒன்றை வைத்துக்கொண்டது, ஆகவே முதலில் கேபிளையும், கம்ப்யூட்டர்களை இணைக்கும் சுவிட்சையும், ரவுட்டரையும் பார்க்க வேண்டும். இதைச் சொன்னதும் அவர்களுக்குச் சட்டென்று புரிகிறது. புத்தி இல்லாமல் இல்லை, யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான்.

முதல் வகுப்பிலேயே கையில் ஒரு கேட் 6 கேபிளைக் கொடுங்கள். மேல் உறையை உரித்தால் எட்டுக் கம்பி, நான்கு ஜோடி, ஒவ்வொரு ஜோடியும் முறுக்கி இருக்கும். ஏன் முறுக்கினார்கள் என்ற ஒரு கேள்வியே ஒரு மணி நேரத்துக்குப் போதும்: வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் ஏறி, மறுமுனையில் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளத்தான். அப்புறம் கலர் வரிசை. ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பிரவுன் வெள்ளை, பிரவுன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் போதாதா, எந்த வரிசையாக இருந்தால் என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்க வேண்டிய கேள்விதான். அவர்கள் இஷ்டப்படி ஒரு கேபிளைக் கிரிம்ப் பண்ண, அதாவது முனையில் கனெக்டரை அழுத்திப் பொருத்தச் சொல்லுங்கள். டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும், ஆனால் ஜோடி பிரிந்து, சேர்ந்து வேலை செய்ய வேண்டிய இரண்டு கம்பி வெவ்வேறு முறுக்கில் போயிருந்தால் நீளம் கூடக் கூட வேகம் விழும், தொடர்பு விட்டுவிட்டு வரும். பழைய கட்டடங்களில் இந்தப் பழுதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். கிகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடியும் வேண்டும் என்பதும், 100 மீட்டருக்கு மேல் ஒரே கேபிளை இழுக்கக் கூடாது என்பதும் அப்போது மனப்பாடம் செய்யாமலே மனதில் நிற்கும்.

அடுத்தது பிங், அதாவது ஒரு முகவரிக்குச் செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது. முதலில் கம்ப்யூட்டர் தன்னையே கூப்பிடும் 127.0.0.1, அப்புறம் தன் சொந்த முகவரி, அப்புறம் ரவுட்டர், அப்புறம் வெளியே கூகுளின் 8.8.8.8, கடைசியாக ஏதாவது ஒரு இணையதளத்தின் பெயர். எந்தப் படியில் பதில் நிற்கிறதோ அங்கேதான் பழுதைத் தேட வேண்டும். 8.8.8.8 பதில் சொல்கிறது, பெயரைப் போட்டால் மட்டும் வரவில்லை என்றால் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் பக்கம் பார்க்க வேண்டும். இந்த ஐந்து படியை ஒரு தடவை ஏறி இறங்கின பிள்ளைக்கு அடுக்கு என்று ஏன் பிரித்தார்கள் என்பதை யாரும் விளக்கவே வேண்டாம்.

வரலாறும் சொல்லிக்கொடுங்கள், கொஞ்சமாக. இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் 1983 ஜனவரி 1 அன்றே டிசிபி/ஐபி என்ற தகவல் பரிமாற்ற விதிமுறைக்கு மாறிவிட்டது, ஓஎஸ்ஐ மாடல் தர நிர்ணயமாக வந்தது 1984-ல். இன்றைக்கு இணையம் ஓடுவது டிசிபி/ஐபியில், ஓஎஸ்ஐ புரிந்துகொள்வதற்கான சட்டகம். இந்த ஒரு வரி தெரியாததால் எத்தனை பிள்ளைகள் இன்டர்வியூவில் குழம்புகிறார்கள். அதே மாதிரி ஐபி முகவரியின் பழைய வகையான ஐபிவி4-ல் மொத்தம் சுமார் 430 கோடி முகவரிதான், உலக மக்கள்தொகையோ 800 கோடியைத் தாண்டியாகிவிட்டது, பிறகு எப்படி எல்லோருக்கும் போதும் என்று வகுப்பில் கேளுங்கள். ஊரில் பாதி வீட்டு ரவுட்டரில் 192.168.1.1 என்றே இருப்பது ஏன், அவை ஒன்றோடொன்று ஏன் மோதவில்லை என்பதில் போய் முடியும். வீட்டுக்குள் மட்டும் செல்லும் தனி முகவரி, பல கம்ப்யூட்டர் ஒரே வெளி முகவரியைப் பகிரும் நாட், மிக அதிக முகவரி கொண்ட ஐபிவி6 எல்லாம் அந்த ஒரு கேள்வியிலேயே வந்துவிடும்.

செலவைக் காரணம் சொல்ல வேண்டாம். இரண்டு பழைய கம்ப்யூட்டர், ஒரு சுவிட்ச், யாராவது வேண்டாம் என்று வைத்த ரவுட்டர், ஒரு கிரிம்பிங் டூல், ஒரு டெஸ்டர் போதும். நெட்வொர்க்கைத் திரையில் கட்டிப் பழகும் பாக்கெட் ட்ரேசரும், நெட்வொர்க்கில் போகும் தகவலைக் காட்டும் வயர்ஷார்க்கும் இலவசம். வயர்ஷார்க்கைத் திறந்து வைத்து ஒரு தளத்துக்குப் போகச் சொன்னால் டிஎன்எஸ் கேள்வி போவதும், சின், சின்-ஆக், ஆக் என்று மூன்று செய்தியில் இரண்டு கம்ப்யூட்டரும் கைகுலுக்கித் தொடர்பு ஏற்படுவதும் திரையில் வரிவரியாக ஓடும். முதல் தடவை அதைப் பார்க்கிற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்கிறேன், அப்புறம் அவர்களை எழுப்பிக் கூட்டிப்போவதே கஷ்டம். அதையும் தமிழில் விளக்குங்கள். தேர்வை ஆங்கிலத்தில் எழுதட்டும், முதலில் புரியட்டும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்துக் கலைக் கல்லூரிகளுக்குப் பெரியார் பல்கலைக்கழகமும், இன்ஜினீயரிங் கல்லூரிகளுக்கு அண்ணா பல்கலைக்கழகமும் செய்முறைத் தேர்வில் ஒரு மாற்றம் கொண்டுவர வேண்டும். ரெக்கார்டு நோட்டுக்கு மார்க் போடுவதைக் குறைத்து, வேண்டுமென்றே ஒரு பழுதை வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்லி மார்க் போடட்டும். தவறான கேட்வே (வெளியே போக வழிவிடும் ரவுட்டரின் முகவரி), அறுந்த கம்பி, ஒரே முகவரி இரண்டு கம்ப்யூட்டரில், இப்படி எதையாவது. அதுவரை எந்தக் கல்லூரி கூப்பிட்டாலும் சனிக்கிழமையில் வந்து சொல்லித்தர நானும் என்னோடு வேலை செய்கிறவர்களும் தயார். கேபிளும் கனெக்டரும் நாங்களே கொண்டுவருகிறோம், ஆய்வகத்தை மட்டும் திறந்து வையுங்கள்.

இப்படிக்கு,
நெட்வொர்க் வேலை செய்யும் ஒரு வாசகர்,
தருமபுரி.