டெனருக்கு ஆள் இல்லை

பாளையங்கோட்டை

அன்பு மாப்ளே,

நலம். தங்கச்சியும் பிள்ளைகளும் சுகந்தானே? எனக்குச் சுகர் கட்டுக்குள் இருக்கிறது. மருமகள் அல்வாவை ஒளித்து வைக்கிற உபயம். கிறிஸ்துமஸ் வாழ்த்துக்குப் பதில் போடவில்லை என்று ஆரம்பிக்காதே, நீ மட்டும் என்ன ஒழுங்கு?

விஷயம் இதுதான். நம்ம சர்ச் கொயரில் நாலு பாகம் பாடுவது, அதான் பெண்களில் மேல்குரல் சோப்ரானோ, கீழ்க்குரல் ஆல்டோ, ஆண்களில் மேல்குரல் நீ பாடின டெனர், கீழ்க்குரல் நான் பாடுகிற பேஸ், நின்றுவிடும் போலிருக்கிறது. புதுசாக வந்திருக்கிற தம்பி கீபோர்டில் கெட்டிக்காரன்தான். ஆனால் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களின் முதல் பிராக்டிஸிலேயே, "ஐயா, எல்லாரும் மெலடியே பாடிருவோம், பார்ட்ஸ கீபோர்டு பாத்துக்கிடும்"னுட்டான். அன்றிலிருந்து சோப்ரானோ பாட்டையே கீழ் ஸ்தாயியில் உறுமிக்கொண்டு நிற்கிறேன். ஆல்டோ அக்கா குடையைத் தூக்கிக்கொண்டு போயே விட்டாள். மறுவாரம் வந்துவிட்டாள், அது வேறு.

கீர்த்தனையை ஒற்றைக் குரலில் பாடட்டும், அதற்கு அதுதான் அழகு. மேல்நாட்டு மெட்டில் வந்த பாமாலை ராகங்கள் அப்படியா? நாலு குரலுக்கென்று கட்டினதில்லையா? நாம் என்ன சங்கீதம் படித்தோம்? கர்வன் பாதிரி ஐயர் இங்கிலாந்தில் சாதாரண ஜனங்களுக்காகப் பரப்பின, டோ, ரே, மீ என்று சுரத்தை எழுத்தால் குறிக்கிற சோல்ஃபாவைக் குட்டை வாத்தியார் போர்டில் எழுதிப் போடுவார். இரட்டைப் புள்ளிக்கு ஒரு அடி, ஒற்றைப் புள்ளிக்கு அரை அடி, கோடு இழுத்தால் நீட்டு. அவ்வளவுதானே நம்ம பாண்டித்தியம்!

வீம்புக்கு மொட்டைமாடியில் மூன்று பயல்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒருத்தனுக்கு இப்போதுதான் குரல் உடைகிறது. சுருதி பிடிக்கிற டியூனிங் ஃபோர்க்கை முட்டியில் தட்டினால், "அதுக்கு ஆப் இருக்கு தாத்தா" என்கிறான்கள். போன சனிக்கிழமை ஆளுக்கொன்றாக டோ, மீ, ஸோ பிடிக்கச் சொன்னேன். மீ பிடித்தவன் ஒரு மயிரிழை இறக்கினான் பார், மூன்றும் அப்படியே ஒட்டிக்கொண்டது. பயல்களே சிரித்துவிட்டார்கள். கீபோர்டில் அது வராது மாப்ளே. அதன் மீ, அரை சுரத்தில் ஏழில் ஒரு பங்கு கூடுதலாகவே நிற்கும். எல்லா ஸ்கேலுக்கும் பொதுவாக அப்படிப் பண்ணி வைத்திருக்கிறார்கள். இந்த மாதிரிச் சுருதிக் கணக்கைத்தான் நம்ம சாம்பவர் வடகரை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்று அத்தனை தண்டிப் புஸ்தகமாகப் போட்டார். நம்ம பக்கத்து ஆள்! அந்தத் தம்பியிடம் சொன்னால், "அப்படியாய்யா?" என்று சுருதி மாற்றுகிற டிரான்ஸ்போஸ் பட்டனை அமுக்குகிறான்.

இன்னொன்று. போன மாத இருமலுக்கு அப்புறம் கீழ் ஸோ எனக்கு வரவில்லை. காற்றுதான் வருகிறது. வீட்டில்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் இத்தனை அவசரம்.

பெரிய வெள்ளிக்கு ஒரே ஒரு பாட்டாவது நாலு பாகமாகப் பாட வைக்கப் போகிறேன். தம்பியும் "பாப்போம்யா" என்றிருக்கிறான். டெனர் நோட்டு உன்னிடம்தான் இருக்கிறது, இல்லை என்று சாதிக்காதே. பக்கம் பக்கமாக, நிழல் விழாமல் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் போடு. அட்டையை மட்டும் அனுப்பாதே. நீ வரைந்த வாத்தியார் படத்தைப் பயல்கள் பார்த்தால் என் மானம் போகும்.

இப்படிக்கு,
உன் பேஸ்