அப்பாவுக்கு முகம் வழித்துவிட்ட சுவாமிக்கும் உங்கள் எல்லோருக்கும்

அன்பான உறவுகளே, நண்பர்களே,

அப்பா வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டார். தடி பிடித்து நடக்கிறார். பேச்சு திக்கித் திக்கித்தான் வருகிறது, ஆனால் வருகிறது. அவருக்குப் பக்கவாதம் வந்து நடந்தது என்னவென்று உங்களுக்குத் தெரியும், அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

எல்லோரையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், யாரும் குறை நினைக்க வேண்டாம். இரவிரவாக அம்மாவோடு இருந்த மாமிமார், கஞ்சியும் சொதியும் கட்டிக்கொண்டு வந்தவர்கள், வேலை முடிந்த களைப்போடு எங்களைக் காரில் ஏற்றி இறக்கியவர்கள், தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள், அப்பாவின் குசினி நண்பர்கள், வார்டுத் தாதிமார். நீங்கள் இல்லையென்றால் நாங்கள் உடைந்திருப்போம்.

அப்புறம், உங்களில் பலருக்குத் தெரியாத ஒருவர். இங்கே சுவிஸில், எங்கள் வின்ரத்தூர் நகரத்தில் இத்தாலியர்களுக்கென்று இருக்கிற கத்தோலிக்க மிஷனின் பழைய சுவாமி. வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பெயர் போட வேண்டாம் என்றார், போடவில்லை.

அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு இத்தாலிய ஐயா. சுல்சர் என்ற இயந்திரத் தொழிற்சாலையின் வார்ப்பாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவரைப் பார்க்கத்தான் சுவாமி வந்துபோனார். ஒருநாள் தாதி மின்சார ஷேவரோடு வந்தபோது அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு "அஸ்பெத்தா" என்றார். பொறு என்று அர்த்தம். அதுவரை டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், ஒரு சொல்லும் வரவில்லை, தமிழிலும் இரண்டு மூன்றுதான். இத்தாலியரின் குசினியில் வருடக்கணக்காகப் பாத்திரம் கழுவி, பிறகு சமையலுக்கு உயர்ந்தவர் அப்பா. அந்த மொழிதான் முதலில் எட்டிப் பார்த்தது. பல மொழி பேசியவர்களுக்கு எல்லா மொழியும் ஒரே வேகத்தில் திரும்பாது என்று பேச்சுப் பயிற்சி தருபவர் பிறகு விளங்கப்படுத்தினார்.

சுவாமி கதிரையைத் திருப்பிப் போட்டு அப்பாவோடு இத்தாலிய மொழியில் பேசத் தொடங்கினார். அப்பாவிடமிருந்து பதில் அரைகுறையாகத்தான் வந்தது. சுவாமி அவசரப்படவே இல்லை. அடுத்த நாள் ஒரு சின்னத் துணிப் பையோடு வந்தார். உள்ளே பிறஸ், சவர்க்காரக் கிண்ணம், ரேசர். அப்பா இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பதால் தாதிக்குத் தயக்கம். டொக்டரைக் கேட்டு வந்து, தானும் பக்கத்தில் நிற்பதாகச் சொன்னார்.

சுவாமி பாதாம் வாசம் வீசும் சவர்க்காரத்தைச் சுடுதண்ணீரில் நுரைக்க வைத்து, அப்பாவின் கன்னத்தில் வட்டம் வட்டமாகப் பூசினார். உணர்வில்லாத இடது பக்கம் தொங்கியிருந்தது. அந்தத் தோலை இரண்டு விரலால் மேலே இழுத்துப் பிடித்து, மெல்ல மெல்ல வழித்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு கீறல் விழவில்லை. ஈரத் துணியால் துடைத்தபோது அப்பாவின் நெற்றியில் அம்மா காலையில் பூசிய திருநீறும் அழிந்துபோனது. சுவாமி அதைக் கண்டதும் கையை எடுத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார், நெற்றியைக் காட்டினார், எழுந்து இடம் விட்டார். அம்மா திருநீறு பூசி முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எங்கள் சாமி எது, அவருடைய சாமி எது என்று ஒரு பேச்சும் இல்லை.

தினமும் முகம் வழிக்காமல் வேலைக்குப் போகாத மனிதர் என் அப்பா. கண்ணாடியைக் காட்டியதும் அழுதார். அதுக்குப் பிறகுதான் நடைப் பயிற்சிக்கே சம்மதித்தார்.

இதை எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன். முதியோர் இல்லங்களில் தன் ஆட்களுக்கு இப்படித்தான் செய்கிறேன் என்றார். 1970களின் தொடக்கத்தில் இளம் குருவாக இங்கே வந்தவர். அப்போது இந்த நகரமே சுல்சரும் ரயில் எஞ்சின் தொழிற்சாலையும்தான், உள்ளே எங்கு பார்த்தாலும் இத்தாலியர். வெளிநாட்டவரின் தொகையைப் பத்து வீதத்துக்குள் அடக்கச் சொன்ன வாக்கெடுப்பு 1970 ஜூன் 7இல் தோற்றது, ஆனாலும் 46 வீதம் பேர் ஆதரித்திருந்தார்கள். அப்போது ஆண்களுக்கு மட்டும்தான் வாக்கு. பருவகால அனுமதியில் வந்த தொழிலாளி வருடத்தில் ஒன்பது மாதம் வேலை செய்யலாம், மனைவி பிள்ளையைக் கூட்டிவர முடியாது. கூட்டிவந்தவர்கள் பிள்ளைகளை அறைக்குள் ஒளித்து வளர்த்தார்கள், சத்தம் போட்டு விளையாடக் கூடாது, ஜன்னலுக்குக் கிட்டப் போகக் கூடாது. சட்டப்படி அந்தப் பிள்ளைகள் இந்த நாட்டிலேயே இல்லை. பூசை வைத்த நேரத்தைவிட விண்ணப்பம் நிரப்பியதும் வெளிநாட்டவர் பொலிசின் கதவடியில் காத்திருந்ததும்தான் அதிகம் என்றார் சுவாமி. அந்தப் பருவகால அனுமதி முழுதாக ஒழிந்தது 2002இல்தான்.

நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அப்பாவும் தற்காலிக அனுமதியோடு தனியாக இருந்தவர்தானே. அவர் முகத்தை நான் முதல்முதலாகக் கண்டபோது எனக்குப் பள்ளிக்கூட வயது. இதைச் சொன்னதும் சுவாமி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கனநேரம் ஒன்றும் பேசவில்லை.

அன்று தொழிற்சாலையில் இருந்தவர்கள் இன்று இந்த நகரத்து முதியோர் இல்லங்களில் இருக்கிறார்கள். மறதி வந்த பலருக்கு டொச் போய்விட்டது, சிறுவயது மொழி மட்டும் மிச்சம். அவர்களோடு பேச ஆள் போதாது என்று சுவாமி கவலைப்படுகிறார்.

சரி, நான் முடிவெடுத்துவிட்டேன். இந்த மாதத்திலிருந்து சனிக்கிழமைகளில் அவரோடு போகிறேன். என் இத்தாலிய மொழி குறைவுதான், கற்றுக்கொள்வேன். நம்மவர்களில் குசினிகளில் நின்று அந்த மொழியைப் பேசிப் பழகிய அண்ணன்மார் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். பராமரிப்பு வேலை செய்யும் அக்காமாரும் இருக்கிறீர்கள். வர விருப்பமென்றால் எனக்கு ஒரு போன் அடியுங்கள். அப்பாவும் நடை தேறியதும் வருவதாகச் சொல்கிறார், சவர்க்காரக் கிண்ணத்தை இப்போதே வாங்கி வைக்கச் சொல்லிவிட்டார்.

நன்றியோடு,
உங்கள் மகள்