ரைசர் விஷயமாக எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஒடிந்த ரைசரின், அதாவது வில்லின் நடுவில் கையால் பிடிக்கும் கட்டையின், படம் சில வாரங்களாகக் குழுக்களில் சுற்றுகிறது. உங்களில் பலர் அதை எனக்கே அனுப்பி, "இது உங்க பட்டறை வில்தானா?" என்று கேட்டீர்கள். ஆமாம், எங்கள் வில்தான். அதைப் பிடித்திருந்த பிள்ளைக்கு அடி எதுவும் படவில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

படத்தோடு ஒரு குரல் பதிவும் வருகிறது. "பேக்கிங் பெட்டி மரத்துல செஞ்சு தேக்குன்னு விக்கிறாங்க" என்று அதில் ஒருவர் சொல்கிறார். இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ரைசர்கள் எல்லாமே தேக்கின் சேகில், அதாவது உள்ளிருக்கும் வைரத்தில், செய்தவை. மர டிப்போவில் கட்டையாக எடுத்து, ஓரத்து வெள்ளையைக் கழித்து, பலகையாக அறுத்து, மாதக்கணக்கில் நிழலில் அடுக்கி வைக்கிறோம். ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதை மீட்டரில் பார்க்காமல் எந்தப் பலகையிலும் உளி வைப்பதில்லை. பட்டறைக்கு வந்தவர்கள் அந்த அடுக்குகளைப் பார்த்திருப்பீர்கள். இன்னும் சந்தேகம் இருந்தால் அதே படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முறிந்த இடத்தில் ஆண்டு வளையத்தை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள் தெரியும். அது தேக்கின் அடையாளம். பெட்டி அடிக்க வரும் பைன் மரத்தில் அப்படித் துளைகளே கிடையாது. "ஈட்டி மரத்தில் செய்திருக்கலாமே" என்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2017 முதல் ஈட்டி இனம் மொத்தமும் சைட்டிஸ் பட்டியலில், அதாவது அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் பட்டியலில், இருக்கிறது. அந்த மரத்தை நம்பி ஒரு சிறு பட்டறை நடத்த முடியாது.

அப்படியானால் ஏன் ஒடிந்தது? ரைசரின் இரு முனையிலும் மாட்டும், வளையும் பட்டைதான் லிம்ப்; அதை இழுக்கத் தேவையான பலத்தைப் பவுண்டில் சொல்வோம். அந்த வில் எங்களிடமிருந்து 28 பவுண்ட் லிம்போடும் டேக்ரான் நாணோடும் போனது. ஒடிந்த அன்று அதில் இருந்தது 44 பவுண்ட் லிம்ப்; நாண் ஃபாஸ்ட் ஃபிளைட். டேக்ரான் கொஞ்சம் நீண்டு கொடுத்து அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். ஃபாஸ்ட் ஃபிளைட் நீளாது, அம்பு போன பிறகு மிஞ்சும் உதை லிம்புக்கும் ரைசருக்கும்தான் வந்து சேரும். அந்தக் குடும்பத்தை நான் குறை சொல்லவில்லை. பிள்ளைக்குத் தோள் வலுக்கும்போது லிம்பை மாற்றத்தான் செய்வார்கள். 30 மீட்டரில் பழகியவர்கள் 50 மீட்டருக்குப் போகும்போது இழுவை கூடாமல் எப்படி?

வில்லை இழுக்கும்போது ரைசரின் முன்பக்கம், அதாவது இலக்கைப் பார்க்கும் பக்கம், இழுபடுகிறது. நம்மைப் பார்க்கும் பக்கம் அமுங்குகிறது. பார்வைக்காகப் பக்கவாட்டில் வெட்டும் இடத்தில் ரைசரின் அகலம் குறைகிறது. அதற்குச் சற்றுக் கீழே, கட்டைவிரல் கவை உட்காரும் கழுத்தில் முன்பின் கனம் (தடிமன்) குறைகிறது. அகலம் பாதியானால் மரத்தின் மேல் விழும் பாரம் இரண்டு மடங்கு. கனம் பாதியானால் நான்கு மடங்கு. வீட்டு உத்திரத்தைப் படுக்கப் போடாமல் நிறுத்திப் போடுவது இதனால்தான். இரண்டு குறைவும் சந்திக்கும் இடம் அம்புத் திட்டின், அதாவது அம்பு உட்காரும் மேடையின், உள்மூலை. படத்தில் முறிவு தொடங்கியிருப்பதும் அங்கேதான். அதே இடத்தில் சிலர் பிளஞ்சருக்காக (அம்பைப் பக்கவாட்டில் தாங்கும் ஸ்பிரிங் பொத்தான்) தாங்களே துளை போட்டுக்கொள்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

இனி வரும் ரைசர்கள் எந்த லிம்பை மாட்டினாலும் தாங்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். கட்டையை நெடுகப் பிளந்து, ஒரு பாதியைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டுகிறோம். ஒரு பாதியில் மர ரேகை சாய்ந்து வெளியே ஓடினாலும் மறுபாதியில் அது எதிர்ப்பக்கம் சாயும். விரிசல் ஒரே வழியில் ஓடாது. நடுவில் 3 மில்லிமீட்டர் துணி ஹைலம் (துணியைப் பிசினில் தோய்த்து அழுத்திச் செய்த தகடு) பட்டை. இழுபடும் முன்பக்கம் முழுவதும் கண்ணாடி இழைப் பட்டை, அதன் மேல் மெல்லிய தேக்குத் தகடு. உள்மூலையின் வளைவையும் பெரிதாக்கியிருக்கிறோம். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. அதனால் ஒட்டும் அன்றே உப்புத்தாள் போட்டு, அசிடோனில் துடைத்து, உடனே எபாக்ஸி பசை தடவுகிறோம். கிளாம்பை அளவாகத்தான் இறுக்குகிறோம்; மிஞ்சி இறுக்கினால் பசை பிதுங்கி வெளியே வந்து மூட்டு வறண்டுவிடும்.

நூல் சுற்றி எபாக்ஸி பூசினால் போதாதா என்று கேட்கிறார்கள். நூல் மரம் பிளப்பதைத் தடுக்கும், வளைந்து முறிவதைத் தடுக்காது. இரும்புத் தகடு வைத்து ஸ்குரூ போடுவது இன்னும் மோசம்: இருப்பதிலேயே மெலிந்த இடத்தில் புதிதாக நாலு துளை.

இந்த வாரங்களில் பயிற்சியாளர்கள் பலர் தாங்களாகவே அழைத்து, "எங்க பசங்க உங்க வில்லுலதான் எய்யறாங்க, நீங்க கவலைப்படாதீங்க" என்றார்கள். ஓர் ஆர்டர்கூட ரத்தாகவில்லை. தன் பழைய வில்லை எடுத்து வந்து, எங்கள் மேஜையிலேயே வைத்து வளைத்துக் காட்டிவிட்டுப் போன அந்த அப்பாவுக்கும், குழுக்களில் எங்களுக்காகப் பேசிய பிள்ளைகளுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இந்தப் பட்டறை உங்களால்தான் நிற்கிறது. நன்றி.

கண்ணாடி இழையும் எபாக்ஸியும் விலை ஏறியிருப்பதால் புது ரைசருக்கு 1,800 ரூபாய் கூடுகிறது, கையில் வந்து சேர ஆறு வாரம் ஆகும்.

பழைய ரைசர் வைத்திருப்பவர்கள் அம்புத் திட்டின் மூலையைப் பஞ்சால் தடவிப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் அன்றோடு நாணைக் கழற்றிவிடுங்கள், அந்த ரைசரை வலுப்படுத்த முடியாது. சிக்காவிட்டால் அனுப்புங்கள், முன்பக்கத்தில் இழைப் பட்டை ஒட்டித் தருகிறோம். வேலைக்குக் காசு இல்லை, கூரியர் மட்டும் உங்களுடையது. லிம்பை வீட்டிலேயே வைத்துக்கொண்டு ரைசரை மட்டும் அனுப்பினால் போதும். எத்தனை பவுண்ட் லிம்ப் போடுகிறீர்கள், எந்த நாண் கட்டுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள்.

அன்புடன்,
பட்டறை உரிமையாளர்