மந்த காலத்தில் குதிரை மலிவா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பொருளாதாரம் மந்தமாக இருக்கும்போது குதிரை வாங்கிப்போட்டால் லாபம் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை படித்தேன். பாதி சரி. மீதிப் பாதியை, சில ஆண்டுகள் லாயத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

விலை சரிவது உண்மைதான். அமெரிக்காவின் கென்டக்கியில் நடக்கும் கீன்லாந்து செப்டம்பர் ஏலத்தில், ஒரு வயதுப் பந்தயக் குட்டிகள் 2008-ல் மொத்தம் சுமார் 32.8 கோடி டாலருக்குப் போயின. அடுத்த ஆண்டு சுமார் 19.2 கோடி. பணக்காரர்கள் கையைச் சுருக்கிக்கொண்டார்கள் என்பது தெரிந்த காரணம். இன்னொரு காரணம் குதிரையின் வயிற்றில் இருக்கிறது. சினைக்காலம் பதினோரு மாதம், குட்டி ஏலத்துக்கு வர அதற்குமேல் ஒரு வருஷம். ஆக 2009-ல் விற்ற குட்டிகளுக்காகப் பொலிகுதிரையோடு இணை சேர்த்தது 2007-ல், காசு புரண்ட நாளில். ஆலையென்றால் கதவைச் சாத்தலாம். சினைக்குதிரையிடம் என்ன சொல்வது?

ஆனால் எல்லாக் குதிரையும் ஒரே மாதிரி இறங்கவில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகக் கணக்கு பார்க்கும் ஜி.ஏ.ஓ. அமைப்பு 2011-ல் ஓர் அறிக்கை தந்தது. மந்தநிலை மட்டும் தனியாகக் குறைத்த விலை 4 முதல் 5 சதவீதம்தானாம். மலிவு, நடுத்தர ரகக் குதிரைகள் மேலும் 8 முதல் 21 சதவீதம் விழுந்ததற்குக் காரணம், அந்நாட்டின் குதிரை இறைச்சிக்கூடங்கள் 2007-ல் மூடப்பட்டது. கேட்கக் கசப்பாக இருந்தாலும், கிழடாகிப்போன குதிரைக்கும் ஓர் அடிவிலை இருந்தது, அதுவும் போய்விட்டது. கட்டுரையாளர் மொத்தப் பழியையும் மந்தநிலையின் தலையில் கட்டிவிட்டார்.

அந்த நேரத்தில் சந்தைக்கு முதலில் வருபவை எவை? தீவனம் போட முடியாதவன் முதலில் தள்ளிவிடுவது வயதானதை, நொண்டுவதை, பழக்காததை. குழந்தையைக்கூட நம்பி ஏற்றலாம் என்கிற சாதுவான குதிரையை யாரும் சல்லிசாகத் தருவதில்லை. தானத்துக்கு வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். மலிவாக வந்த குதிரையைப் பல்லையும் பார்க்க வேண்டும், நாலு குளம்பையும் தூக்கிப் பார்க்க வேண்டும், கால்நடை மருத்துவரையும் கூட்டிப்போக வேண்டும். விலையில் மிச்சம் பிடித்தவர்கள் மருத்துவர் கூலியிலும் மிச்சம் பிடித்து மாட்டிக்கொண்டதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வாங்குவது ஒரு நாள் செலவு. ஐந்நூறு கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு எட்டுப் பத்துக் கிலோ உலர்புல் வேண்டும். ஆறேழு வாரத்துக்கொருமுறை குளம்பு சீவ வேண்டும். இருபத்தைந்து வயதைத் தாண்டி வாழ்கிற பிராணி அது. புல் விலை மழையையும் டீசலையும் பார்க்குமே தவிர, பங்குச்சந்தையைப் பார்க்காது.

இன்னொன்று: விலை விழுந்ததும் வளர்ப்பவர்கள் இணை சேர்ப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். 2007-ல் அமெரிக்காவில் 34,000 அளவில் பிறந்த தரோபிரெட் என்னும் பந்தய இனக் குட்டிகள், 2012-ல் 22,000 அளவுக்கு வந்துவிட்டன. நாலைந்து வருஷம் கழித்து நல்ல இளங்குதிரை தேடுபவருக்குப் பொறுக்கி எடுக்க அத்தனை இருக்காது.

கட்டுரையோடு வந்த அட்டவணையில், வாங்கும் விலைக்குப் பக்கத்தில் மாதப் பராமரிப்புச் செலவுக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கலாம். அடுத்த இதழிலாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்