பரண் மேல் இருக்கும் பெட்டி

காரைக்குடி

அன்புள்ள பாப்பா,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்ததைப் போனிலேயே சொல்லிவிட்டேன். போனில் சொல்ல வராத ஒன்றுக்காகத்தான் இந்தக் கடிதம். டிரெஸ்டனில் உன் வீட்டில் இருந்தபோதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

உனக்கு விடுப்பு கிடைக்காததால் நாங்கள் இருவர் மட்டும் பிராக் போய் வந்தோமே, அதை நினைத்து நீ இன்னும் வருந்துவதாக அம்மா சொன்னாள். வருந்தாதே. கல்யாணமாகி 36 வருடத்தில் நாங்கள் இருவராக மட்டும் ஊர் பார்க்கப் போனதே இல்லை என்பது ரயில் கிளம்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. எல்பே ஆற்றை ஒட்டியே ரயில் போனது. கரையெல்லாம் பனி. செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் படித்த ஊர் என்பதைத் தவிர பிராக் பற்றி அம்மாவுக்கு வேறொன்றும் தெரியாது. ஆனால் அது ஒன்றே போதும் என்பது போல் அவள் முகத்தில் அத்தனை மகிழ்ச்சி.

சார்லஸ் பாலத்தை என்னால் சும்மா கடந்து போக முடியவில்லை. வாழ்நாளெல்லாம் கட்டட வேலை பார்த்தவன் அல்லவா. 1357இல் நான்காம் சார்லஸ் மன்னர் அடிக்கல் நாட்டியது. 16 வளைவுகள், எல்லாம் மணற்கல். சாந்தில் கலக்க ஊர் ஊராக முட்டை வரவழைத்தார்களாம். ஓர் ஊர்க்காரர்கள், வழியில் உடைந்துவிடக் கூடாதே என்று வேகவைத்து அனுப்பிவிட்டார்களாம். கதைதான். நம் செட்டிநாட்டு வீடுகளில் வெள்ளைக்கரு சேர்த்துச் சுண்ணாம்பு பூசுவார்கள் என்பதால் எனக்கு அது அந்நியமாகவே படவில்லை. அம்மா பாலத்தின் நடுவில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள். தரை வழுக்கியதால் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தோம். பழைய நகரச் சதுக்கத்தில் 1410ஆம் வருடத்துக் கடிகாரத்தையும் பார்த்தோம். மணி அடிக்கும்போது எலும்புக்கூட்டுப் பொம்மை கயிற்றை இழுக்கிறது. அதற்குள் குளிர் எலும்பில் ஏறிவிட்டது. கொஞ்சம் கதகதப்புக்காகத்தான் யூதர் பகுதிக்குள் நுழைந்தோம் என்றே சொல்லலாம்.

அங்கே பின்காஸ் என்று ஒரு பழைய ஜெப ஆலயம் இருக்கிறது. உள்ளே சுவர் முழுக்க எழுத்து. நாஜிகள் கொன்ற யூதர்கள், பொஹீமியா, மொராவியா பகுதிகளிலிருந்து மட்டும் ஏறத்தாழ 80,000 பேர். அத்தனை பேரின் பெயர்களையும் கையால் எழுதியிருக்கிறார்கள். குடும்பப் பெயர் சிவப்பில். ஆளின் பெயரும் தேதிகளும் கறுப்பில். 1950களில் எழுதியதாம். பிறகு ஓதம் ஏறி, கட்டடத்தை மூடி, எழுத்தெல்லாம் அழிந்துபோய், 1992 முதல் 1996 வரை மறுபடியும் முதலிலிருந்து எழுதியிருக்கிறார்கள். நான் வழக்கம்போல் சுவரின் அடிப்பக்கத்தில் ஓதம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் அம்மா சுவருக்கு அருகில் நின்று, உதடு மட்டும் அசைய, எழுத்துக்கூட்டி ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் வருகைப் பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாளே, அதே நிற்பு. ஒரு பெயர் வாசித்து, சற்று நிறுத்தி, அடுத்த பெயர். நான் கூப்பிடவில்லை.

மாடியில் பிள்ளைகள் வரைந்த படங்கள். நாஜிகளின் டெரெசின் முகாமில் அடைபட்டிருந்தவர்கள். பிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற பெண் ஓவியர் அந்த முகாமிலேயே அவர்களுக்கு வரையக் கற்றுக்கொடுத்திருக்கிறார். படத்தில் பெயர் எழுதச் சொல்வாராம். 1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பினார்கள். அதற்கு முன் ஏறத்தாழ 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் அடுக்கி, ஒளித்து வைத்துவிட்டார். அவர் திரும்பவில்லை. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோரும் திரும்பவில்லை. பெட்டிகள் மட்டும் பிழைத்தன.

அம்மா என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “பெயர் எழுத வைத்திருக்கிறாள், பாருங்கள்.”

நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. திரும்பும் ரயிலில், வரும்போது டெரெசினுக்கு அருகிலேயே கடந்து வந்திருக்கிறோம் என்று கண்டுபிடித்தேன். போஹுஷோவிட்சே என்ற நிலையம். முதலில் அங்கேதான் அவர்களை இறக்கி, மூட்டை முடிச்சோடு முகாமுக்கு நடத்திப் போயிருக்கிறார்கள். அம்மா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ரயில் அங்கே நிற்கவில்லை.

இனி, சொல்ல வந்தது. போன தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது, பரணில் கிடக்கும் ட்ரங்குப் பெட்டியைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடலாம் என்றாய். நானும் சரி என்று இறக்கி வாசலில் வைத்தேன். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மறுபடியும் உள்ளே வைத்தாள். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் பாடம் நடத்திய 31 வருடத்துப் பிள்ளைகள் வரைந்த படங்கள் அதில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் வாசலில் வைத்தேன். அது தப்பு. அவளிடம் சொல்லிவிட்டேன், உன்னிடமும் சொல்கிறேன். அந்தப் பெட்டி இனி இந்த வீட்டை விட்டுப் போகாது.

முந்தாநாள் அதை இறக்கி, தாள்களை வெயில் படாமல் திண்ணையில் காற்றாட விரித்தோம். ஓரங்களைப் பூச்சி அரித்திருக்கிறது. காய்ந்த வேப்பிலையைப் பழைய வேட்டித் துணியில் பொதிந்து இடையிடையே வைத்திருக்கிறேன். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் பெயர், வகுப்பு, வருடம் இருக்கின்றன. நான்கில் மட்டும் பெயர் இல்லை. அவை யாருடையவை என்று அம்மா நேற்று இரவு வரை யோசித்துக்கொண்டிருந்தாள். அதில் ஒன்று மயில், மூன்று காலோடு நிற்கிறது. உன் கை போலத்தான் எனக்குத் தோன்றுகிறது. படம் பிடித்து அனுப்புகிறேன், பார்த்துச் சொல். உன்னுடையதென்றால் அம்மா பெயர் எழுதி வைத்துவிடுவாள்.

அன்புடன்,
அப்பா