வெள்ளிக்கிழமைதோறும் பள்ளிச் சுவரில் நான்கு வரிகள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படித்துவந்த ஒரு பெண் குழந்தையை, கல்வியாண்டின் நடுவிலேயே அதன் தாய் பக்கத்து நகரத்திலுள்ள தனியார் பள்ளிக்கு மாற்றிவிட்டார். முப்பத்திரண்டு ஆண்டுகள் தொடக்கப் பள்ளிகளில் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்பதால், என்ன குறை கண்டார் என்று அவரிடமே கேட்டேன். "வாரம் முழுக்கப் பாட்டும் பொம்மையுமாவே போகுது டீச்சர், நோட்டைப் பார்த்தா நாலு வார்த்தைதான் எழுதியிருக்கு" என்றார். நூறு நாள் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தை, தன் மகள் எதுவும் கற்கவில்லை என்ற அச்சத்தால் கட்டணமாகக் கொண்டுபோய்க் கட்டிய அந்தத் தாயை என்னால் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் அவர் சொன்ன அந்த நான்கு சொற்கள் எப்படி எழுதப்பட்டன என்பதை, அதே வகுப்பில் படிக்கும் என் பேத்தியின் வாயால் நான் முன்பே கேட்டிருந்தேன். அதைத்தான் முதலில் உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அந்த வாரம் ஒகர உயிர்மெய்க்குரிய வாரம். தமிழ் கற்கும் குழந்தை தடுமாறும் இடங்களில் இது முக்கியமானது. 'கொ' என்று ஒரே ஒலியாகச் சொல்வதை எழுதும்போது ஒற்றைக்கொம்பை முன்னால் போட்டு, எழுத்தை நடுவில் வைத்து, துணைக்காலைப் பின்னால் சேர்க்க வேண்டியிருக்கிறது. காதில் விழும் வரிசை வேறு, கை எழுதும் வரிசை வேறு. ஆறு, ஏழு வயதுக் குழந்தை கொம்பைக் கண்டதும் 'கெ' என்று வாசித்துவிட்டு, பின்னால் நிற்கும் காலை என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கும். கரும்பலகையில் எழுதிப் போட்டு நூறு முறை சொல்லச் சொன்னால் குழந்தை சொல்லிவிடும். மறுநாள் 'பொ' வந்தால் மறுபடி விழிக்கும்.

அந்த வகுப்பின் ஆசிரியை செய்தது இதுதான். நான்கு குழந்தைகளை வரிசையாக நிறுத்தி, ஒருவர் கையில் ஒற்றைக்கொம்பு, அடுத்தவர் கையில் 'க', மூன்றாமவர் கையில் துணைக்கால், கடைசியில் நிற்பவர் கையில் 'டு' என அட்டைகளைக் கொடுத்தார். மற்றக் குழந்தைகள் 'கொடு' என்று வாசித்தார்கள். துணைக்காலை வைத்திருந்த சிறுவனை உட்காரச் சொன்னதும் சொல் 'கெடு' ஆயிற்று. அவன் திரும்பி வந்து நிற்க, கொம்பு வைத்திருந்த சிறுமி உட்கார்ந்ததும் 'காடு' ஆயிற்று. இருவருமே உட்கார்ந்தபோது 'கடு' மிஞ்சியது. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஆள் மாற்றி ஆள் எழுந்தும் உட்கார்ந்தும் சிரித்தும் கூச்சலிட்டும் கழிந்த அந்த விளையாட்டின் முடிவில்தான், 'கொடு, கெடு, காடு, கடு' என்ற நான்கு சொற்களைக் குழந்தைகள் ஏட்டில் எழுதினார்கள். என் பேத்தி வீட்டுக்கு வந்ததும் அடுப்படியிலிருந்து கரண்டிகளையும் தட்டுகளையும் எடுத்துத் தரையில் வரிசையாக வைத்து, கரண்டி கொம்பு, தட்டு எழுத்து, கிண்ணம் கால் என்று பெயரிட்டு எனக்கே பாடம் நடத்தினாள். இரட்டைக்கொம்பு வைத்தால் என்ன ஆகும் என்று நான் கேட்டதற்கு, இன்னொரு கரண்டியைத் தேடி எடுத்துவந்து முதல் கரண்டியோடு சேர்த்து வைத்து, "கோடு" என்றாள். சொல்லிக்கொடுத்ததிலிருந்து சொல்லிக்கொடுக்காததற்குத் தானே போய்ச் சேர்ந்த அந்தக் குழந்தை கற்றதை எந்த ஏட்டில் பார்க்க முடியும்?

மாறிப்போன குழந்தையின் ஏட்டிலும் அதே நான்கு சொற்கள்தாம் இருந்திருக்கும். தாய் பார்த்தது ஏட்டை மட்டுமே.

கணக்கிலும் இதே நிலைதான். 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால், வகுப்பில் பாதிப் பேர் 35 என்று எழுதுவார்கள். இரண்டில் ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுவது இந்த வயதின் இயல்பு. 'கடன் வாங்கு' என்று சொல்லிக்கொடுத்தால் அதை ஒரு மந்திரம்போல் செய்வார்களேயொழிய, எங்கே கடன் வாங்கினோம், என்ன வாங்கினோம் என்பது தெரியாது. தென்னை ஈர்க்குகளைப் பத்துப் பத்தாக வாழைநாரால் கட்டி, ஐந்து கட்டும் இரண்டு உதிரிக் குச்சிகளும் குழந்தையின் கையில் கொடுத்து, "எனக்கு இருபத்தேழு கொடு" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு கட்டுகளை உடனே நீட்டிவிடும். ஏழு உதிரிக் குச்சிகளுக்கு வழியில்லாமல் சற்று நேரம் யோசித்துவிட்டு, யாரும் சொல்லாமலே ஒரு கட்டை அவிழ்க்கும். அந்த நார் அவிழும் நொடியில்தான் கழித்தல் புரிகிறது. அதற்கு ஒரு குழந்தைக்கு இரண்டு நாள் ஆகும், இன்னொன்றுக்கு ஒரு வாரம் ஆகும். அந்த வாரம் முழுவதற்கும் ஏட்டில் ஐந்தாறு கணக்குகளே இருக்கும்.

எண்பத்தொன்பதுக்கு அடுத்து 'எண்பத்துப் பத்து' என்று சொல்லும் குழந்தையைப் பார்த்து வீட்டில் சிரிக்கிறார்கள். அந்தக் குழந்தை எண்ணின் ஒழுங்கைச் சரியாகப் பிடித்திருக்கிறது. ஒன்பது பத்துகளுக்கு மட்டும் நூறை ஒட்டித் 'தொண்ணூறு' என்று பெயர் வைத்திருக்கும் நம் மொழிதான் அந்த இடத்தில் ஒழுங்கைவிட்டு விலகி நிற்கிறது. இதைப் பெற்றோருக்கு யாராவது எடுத்துச் சொன்னால், குழந்தை கேலிக்கு ஆளாகாது.

2022 ஜூன் மாதம் தொடங்கப்பட்ட, தமிழ்நாடு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் முதலில் ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளுக்கும், அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தது. குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் கற்றல் நிலைக்கேற்பப் பிரித்து, பாட்டு, கதை, பொம்மலாட்டம், கைவேலை வழியாகக் கற்பிக்கும் முறை அது. அதற்கு முன்பு இருந்த செயல்வழிக் கற்றல் முறையில், அதன் அட்டைகளோடும், கற்க வேண்டிய படிகளை வரிசையாகக் காட்டும் ஏணிப்படிகளோடும் நான் பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். இரண்டிலும் குறைகள் உண்டு. அவற்றைப் பற்றி எழுதினால் இன்னொரு கடிதமாகிவிடும். ஆனால் இரண்டுக்கும் பொதுவாக ஒன்று நேர்ந்தது. வகுப்பறை மாறிய செய்தி பெற்றோருக்குப் போய்ச் சேரவேயில்லை. அவர்கள் தாங்கள் படித்த பள்ளியை மனத்தில் வைத்துக்கொண்டு, பக்கம் பக்கமாக எழுதிய ஏட்டையும் சிவப்பு மையில் விழுந்த 'சரி' குறியையும் தேடுகிறார்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் சொன்னது மிக நல்ல தீர்ப்பு. நான் அதை மனமார வரவேற்றவள். ஆயினும், வீட்டுப்பாடம் என்ற ஒன்றின் வழியாகத்தான் பள்ளியில் என்ன நடக்கிறது என்று பல வீடுகள் தெரிந்துகொண்டன என்பதையும் மறந்துவிடக் கூடாது. அந்தச் சன்னலை மூடிய நாம், வேறொன்றைத் திறக்கவில்லை.

எனவே நான் வேண்டுவது சிறியது. அரசுத் தொடக்கப் பள்ளி ஒவ்வொன்றிலும், வாசலை ஒட்டிய வெளிச்சுவரில் ஒரு கரும்பலகை இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை பள்ளி விடும் முன்பு, அந்த வாரம் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் என்ன கற்றார்கள் என்பதை நான்கு வரிகளில் அதில் எழுத வேண்டும். என்ன எழுத்து, என்ன எண், என்ன கதை அல்லது பாட்டு என்பன மூன்று வரிகள். நான்காவது வரி, வீட்டில் குழந்தையிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி. "கொடு என்ற சொல்லில் கொம்பை எடுத்தால் என்ன வரும் என்று கேளுங்கள்" என்று அன்று எழுதியிருந்தால், அந்தத் தாய் கேட்டிருப்பார், மகள் சொல்லியிருப்பாள். இது வீட்டுப்பாடம் ஆகாது. குழந்தை எதையும் எழுத வேண்டியதில்லை. தெரிந்ததைச் சொல்லிக் காட்டி மகிழ வேண்டும், அவ்வளவே.

இதை நான் எண்ணத்தில் மட்டும் சொல்லவில்லை. தலைமையாசிரியையாக இருந்தபோது, ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து நாங்கள் இருவர் மட்டுமே இருந்த ஈராசிரியர் பள்ளியில், சில ஆண்டுகள் இதைச் செய்து பார்த்தேன். முதல் மாதம் யாரும் நின்று பார்க்கவில்லை. பிறகு, கூட்டிப்போக வந்த தாய்மார்களுக்குக் குழந்தைகளே வாசித்துக் காட்டத் தொடங்கினார்கள். எழுத்தறியாத தாய் ஒருவர் மகனின் விரல் போகும் திசையிலேயே கண்ணை ஓட்டியபடி நான்கு வரியையும் கேட்டு முடித்துவிட்டு, "இன்னொரு தடவை படி" என்று சொன்னதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை, பயிற்சிக்குப் போக வேண்டியிருந்ததால் பலகையை மாற்றாமல் விட்டுவிட்டேன். திங்கட்கிழமை காலையில் இரண்டு பேர் வந்து காரணம் கேட்டார்கள். அன்றுதான் இது வேரூன்றிவிட்டது என்று அறிந்தேன்.

அதில் நான் ஒரு தவறும் செய்தேன். நன்றாக வாசித்த குழந்தைகளின் பெயர்களைப் பலகையின் ஓரத்தில் எழுதினால் ஊக்கமாக இருக்கும் என்று நினைத்து எழுதினேன். பெயர் வராத ஒரு சிறுவன் வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டான். மூன்றாவது வாரம்தான் எனக்குக் காரணம் புரிந்தது. அன்றே பெயர்களை அழித்தேன், அவன் வீட்டுக்கும் போய் வந்தேன். ஆகவே, அந்தப் பலகையில் பெயரும் மதிப்பெண்ணும் எந்தக் காலத்திலும் வரக் கூடாது. வகுப்பு கற்றது மட்டுமே வர வேண்டும்.

கைப்பேசி இருக்கும்போது பலகை எதற்கு என்று சிலர் கேட்கலாம். எங்கள் ஊரில் பல வீடுகளில் ஒரே ஒரு நல்ல கைப்பேசிதான் உண்டு. அது வேலைக்குத் திருப்பூருக்கோ சென்னைக்கோ போன தந்தையின் சட்டைப் பையில் இருக்கிறது. வகுப்புக் குழுவில் வரும் செய்தி தாயிடமோ பாட்டியிடமோ வந்து சேருவதில்லை. சுவரில் எழுதியது அவ்வழியே போகும் எல்லோருக்கும் உரியது. அதோடு, கைப்பேசிச் செய்தியைப் பெரியவர்கள் தங்களுக்குள் படித்துக்கொள்வார்கள். சுவரில் உள்ளதைக் குழந்தை வாசித்துக் காட்டும். அந்த வாசிப்பே அந்த வாரத்தின் மிகச் சிறந்த பயிற்சி.

ஆசிரியர்களின் சுமையை அறியாமல் நான் இதை எழுதவில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். அந்த இருவரே ஐந்து வகுப்புகளையும் பார்த்து, செயலியில் வருகையையும் மதிப்பீட்டையும் பதிவு செய்து, கேட்கும் புள்ளிவிவரங்களையெல்லாம் அனுப்பவும் வேண்டியிருக்கிறது. எனவே கல்வித் துறைக்கு ஒரு வேண்டுகோளை அழுத்தமாக வைக்கிறேன். இந்தப் பலகையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள். இதற்கென ஒரு படிவமும் பதிவேடும் உண்டாக்காதீர்கள். எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே வாசகத்தைத் தலைநகரிலிருந்து அனுப்பிவிடாதீர்கள். ஒரு பள்ளியில் இந்த வாரம் ஈர்க்குக் கட்டு அவிழவில்லை என்றால், அடுத்த வாரமும் அதே வரிதான் பலகையில் இருக்கும், இருக்கட்டும். அதை எழுதும் துணிவு ஆசிரியருக்கு வர வேண்டுமானால், படிப்பவர்கள் அதிகாரிகளாக இல்லாமல் பெற்றோராக இருக்க வேண்டும். எழுதும் வேலையையும் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் முறைவைத்துக் கொடுக்கலாம். ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிவிடுவார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்தக் குழுக்கள் கூடும்போது கட்டடம், கழிப்பறை, சுற்றுச்சுவர் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதோடு, "இந்த வாரம் எங்கள் பிள்ளைகள் என்ன கற்றார்கள், அதை எங்களுக்கு எப்படிச் சொல்வீர்கள்" என்றும் கேட்கலாம். உங்கள் நாளிதழைப் படிக்கும் பெற்றோர் தத்தம் ஊர்ப் பள்ளியில் இதைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதினேன்.

எங்கள் பள்ளிக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இக்கோரிக்கையை எழுத்தில் கொடுக்கிறேன். வாசலுக்கு இடப்பக்கச் சுவரில், இரண்டாம் வகுப்புக் குழந்தையின் கண்மட்டத்துக்கு வரும்படி நான்கடி அகலத்தில் பூசிக் கறுப்பு வண்ணம் அடிப்பதற்கான செலவை நானே தருவதாகத் தலைமையாசிரியரிடம் சொல்லியிருக்கிறேன். பள்ளி மாறிப்போன குழந்தையின் வீடும் அந்தத் தெருவில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை,
பட்டுக்கோட்டை வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.